ஹவ்எவருக்குப் பின்னால்

26 செப்டம்பர் 1966, திங்கள்

சிட்டு, குழாயடியில் நீ குடம் வைக்கிற இடத்தில் நம் சந்துப் பேராச்சி இன்றைக்குத் தன் வாளியை வைத்துவிட்டாள். வேண்டுமென்று வைக்கவில்லை. வரிசை நகர்ந்தது, அவளும் நகர்ந்தாள். என்னைப் பார்த்ததும் "ஐயோ யக்கா" என்று எடுக்கப் போனாள். இருக்கட்டும்ட்டி என்றேன். தண்ணீர் பிடித்து வந்தேன். சோறு பொங்கினேன். கூலிக்குத் தைக்கிற பர்ஸுக்கு உள்துணி வெட்டிக் கிடந்தது, அதையும் தைத்தேன். கை அதுபாட்டுக்குச் செய்கிறது. நான் எங்கே இருக்கிறேன் என்றுதான் தெரியவில்லை.

போன திங்கள் காலையில் நீ தலை சீவிக்கொண்டிருந்தாய். நீலச் சேலை கட்டியிருந்தாய். டைப் கிளாஸுக்குத்தானே, நல்ல சேலை எதுக்கு என்றேன். சும்மாதான்மா என்று சிரித்தாய். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒரு போலீஸ்காரன் வந்து வாசலில் நின்றான்.

அந்தச் சுவர் ஓட்டை வழியாகத் தண்டவாளத்தைத் தாண்டி மாட்டுங்காவுக்குப் போகாதவர்கள் இங்கே யார்? நானும்தான் தாண்டியிருக்கிறேன். நல்ல மழை. ஒரு வண்டி போனதும் நீ கால் வைத்தாயாம். மறுபக்கத்து வண்டியைப் பார்க்கவில்லையாம். வண்டி ஓட்டினவன் போலீஸில் "லட்கி தௌட்கே ஆயி" என்று சொல்லிவிட்டான். பொண்ணு ஓடி வந்தா. அந்த ஒரு பேச்சுதான் தாராவி முழுக்கச் சுற்றுகிறது. ஓடி வந்தா, ஓடி வந்தா. ஏன், மழையில் யாரும் ஓடமாட்டார்களா?

நம் கோயிலுக்கு வருகிற வடாலா தனசீலன் வீட்டார் நிச்சயம் பண்ணின பிறகு உன்னை வேண்டாம் என்று சொல்லி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதையும் இதையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள். கல்லறைத் தோட்டத்தில் சுவரோரமாக, மணியடிக்காமல், பாட்டில்லாமல் உன்னை வைத்தோம். சாமியார் வந்து ஜெபம் சொன்னார், இல்லை என்று சொல்லமாட்டேன். கோயிலுக்குள்ளே மட்டும் கொண்டுபோக விடவில்லை.

இந்த டைரி உனக்கு இன்ஸ்டிட்யூட்டில் கொடுத்தது. நீ ஒரு எழுத்தும் எழுதாமல் புதுசாக வைத்திருந்தாய். நான் ஐந்தாங்கிளாஸ். எழுத்து கோணும். வாயால் யாரிடம் சொல்ல? அதனால் எழுதுகிறேன்.

27 செப்டம்பர்

நீ இல்லன்னு இன்னைக்கும் நம்பல.

29 செப்டம்பர், வியாழன்

சாமியார் கூப்பிட்டு அனுப்பினார். அவர் கோவாக்காரர். அவருக்குத் தமிழ் வராது, எனக்கு இங்கிலீஷ் வராது. நடுவில் இந்தி, அதுவும் இரண்டு பேருக்கும் அரைகுறை.

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். நம் கோயிலில் அந்த வருஷம் போனவர்கள் பேரையெல்லாம் பூசையில் வாசிப்பார்கள். ஒவ்வொரு பேருக்கும் அந்தந்த வீட்டுக்காரர்கள் மெழுகுதிரியோடு எழுந்து நிற்பார்கள். போன வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாரையும் திரும்பித் திரும்பிப் பார்த்தாயே, அதுதான்.

உன் பேரை வாசிக்க வேண்டுமென்றால் மேலிடத்து பிஷப் ஆபீஸ் சம்மதிக்க வேண்டுமாம். தானாகச் செய்துகொண்டது இல்லை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். உன்னைத் தெரிந்த மரியாதையான ஆள் யாராவது உன் கடைசி நாட்களைப் பற்றி இங்கிலீஷில் எழுதித் தரட்டும், நான் சேர்த்து அனுப்புகிறேன் என்றார். நல்ல மனுஷன். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார்.

தானாகச் செய்துகொண்டது. என் பிள்ளையைப் பற்றியா கேட்கிறார்கள்? உன்னையா?

2 அக்டோபர், ஞாயிறு

வானமாமலை சாரிடம் போனேன். உனக்கு டைப் சொல்லிக் கொடுத்தவரைவிட மரியாதையான ஆள் எனக்கு யார் தெரியும்? லீவு நாள். ஆனாலும் இன்ஸ்டிட்யூட்டைத் திறந்துவைத்து மெஷின்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"ஜன்னல் ஓரம் அந்த மெஷின்லதான் உக்காருவா. இன்னும் யாரையும் அதுல உக்காத்தி வைக்கலை" என்றார்.

எல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். கிளாஸுக்கு ஒரு நாள் தவறமாட்டா சார். ஞாயிறு பூசை தப்பமாட்டா. சம்பந்தம் முறிஞ்சுபோனாலும் சிரிச்ச முகமாத்தான் இருந்தா. அன்னைக்குக் காலையிலயும் நல்ல சேலை கட்டிட்டுச் சிரிச்சிட்டுத்தான் போனா. இப்படித்தான் சொன்னேன். இதே வார்த்தைதான்.

"கொழந்தையைப் பத்தி நல்லதையெல்லாம் முதல்ல எழுதறேன்மா. மரியாதைன்னா அதான். மத்தது அப்புறம் வரட்டும்" என்று சொல்லி டைப் அடித்தார். கண்ணாடியை இரண்டு தடவை கழற்றித் துடைத்தார். முடிந்ததும் இங்கிலீஷிலேயே வாசித்துக் காட்டினார். கோயிலில் வாசிக்கிற மாதிரி அவ்வளவு நன்றாக இருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் முடியப் போகிற இடத்தில் ஒரு வார்த்தை வந்தது பார், ஹவ்எவர். உன் வார்த்தை. நான் பேராச்சி மருமகளைப் புகழ ஆரம்பித்தால் "இரு, இப்ப ஹவ்எவர் வரும்" என்று சிரிப்பாயே. அதைக் கேட்டதும் நீயே அந்த ரூமில் இருக்கிற மாதிரி இருந்தது. அழுதுவிட்டேன். சாரும் அழுதார்.

ஒன்று சாமியாருக்கு, கார்பன் காப்பி எனக்கு. மாதா படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

4 அக்டோபர்

கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். சாமியார் இரண்டு தடவை படித்தார். கவரில் போட்டார்.

9 அக்டோபர், ஞாயிறு

மழை விட்டு வெயில் கொளுத்துகிறது. தோல் ஷெட்டு நாற்றம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. உங்கப்பா அங்கே வேலைக்குப் போகிறார், வருகிறார். என்னிடம் பேசுவதில்லை, யாரிடமும்தான்.

குழாயடியில் ஒருத்தி, "நல்ல சேலை கட்டிட்டுல்லா போயிருக்கா, அப்பவே தெரிய வேண்டாமா" என்றாள். பேராச்சிதான் விட்டாள் ஒரு ஏச்சு. "ஏ, நீ தினமும் கிழிஞ்ச சேல கட்டிட்டு வாரியே, உனக்கு என்னத்த தெரிய? போய் உன் குடத்தப் பாரு, நிறைஞ்சு வழியுது, உன் வாயி மாதிரி."

எனக்குச் சிரிப்பு வந்தது சிட்டு. வந்ததே என்று பயந்துபோனேன்.

13 அக்டோபர், வியாழன்

பதில் வந்துவிட்டது.

முடியாதாம்.

சாமியார் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் இங்கிலீஷில் வாசித்தார், பிறகு இந்தியில் சொன்னார். தாயாரின் துக்கத்தில் பங்குகொள்கிறோமாம். பெண் நல்ல பெண் என்று தெரிகிறதாம். அதற்கப்புறம் ஹவ்எவர் வந்தது. எனக்குக் கேட்டது. அதற்குப் பின்னால், இந்த வருஷம் பேர் வாசிக்க வேண்டாம், கல்லறை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

ஏன் ஃபாதர், ஏன் என்று கேட்டேன். அவர் முகம் வாடிப்போய், "துமாரா சிட்டி படுக்கே ஹி" என்றார். உங்கள் கடிதத்தைப் படித்துத்தான் என்று.

நாங்கள் கொடுத்த கடிதத்தைப் படித்தா? அதில் நான் நல்லது தவிர ஒன்றும் சொல்லவில்லையே? வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. ரோட்டைத் தாண்டினது ஞாபகம் இல்லை.

15 அக்டோபர், சனி

ஷ்யாமளா வந்தாள். உன் கூட டைப் படிக்கிற மாட்டுங்காப் பொண்ணு. இத்தனை நாள் வராமல் இருந்ததற்கு என் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டாள். ஒல்லியாகிவிட்டாள். இந்தச் சந்துக்குள் வழி கேட்டுக் கேட்டு வந்திருக்கிறாள், செருப்பெல்லாம் சேறு.

கடிதத்தின் கார்பன் காப்பியை எடுத்துக் கொடுத்தேன். படிம்மா, இதில் என்ன தப்பு, நீ சொல்லு என்றேன்.

படித்தாள். கடைசி வரி வரைக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தாள். பிறகு நிறுத்திவிட்டாள். காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"தமிழ்ல சொல்லட்டுமாம்மா?"

சொன்னாள். இந்தப் பெண் ஒழுக்கமானவள். வகுப்புக்குத் தவறியதே இல்லை. கோயிலுக்கு ஒழுங்காகப் போவாள். கடைசி நாள் காலையிலும் நல்ல உடை உடுத்திச் சிரித்த முகமாகவே புறப்பட்டாள். ஹவ்எவர், சில நாட்களுக்கு முன்புதான் அவளுக்கு நிச்சயமாகியிருந்த திருமணம் முறிந்துபோயிருந்தது.

அதோடு முடிந்துவிட்டது. கீழே சாரின் கையெழுத்து.

"பொய் ஒண்ணும் இல்லையேம்மா இதுல" என்றேன் நான்.

"பொய் இல்லைம்மா. ஆனா படிக்கிறவா மனசுல கடைசியில எது நிக்கும்?"

அப்போதுதான் எனக்கு நீ சொன்னது முழுசாக ஞாபகம் வந்தது. இங்கேயே, இந்த மணையில் உட்கார்ந்து சொன்னாய். "கம்பெனி லெட்டர்னா முதல்ல ஒரு நன்றி, ஒரு சந்தோஷம், ஒரு புகழ்ச்சிம்மா. அதெல்லாம் டீ கொடுக்கிற மாதிரி. அப்புறம் ஹவ்எவர் வரும். அதுக்குப் பின்னால இருக்கிறதுதான் லெட்டர். நான் டைப் அடிக்கையில அதைத்தான் முதல்ல தேடுவேன்." நான் உள்துணிக்குக் கத்தரி போட்டுக்கொண்டே ம்ம் ம்ம் என்றேன்.

நான் சொன்னது என்ன? முறிஞ்சுபோனாலும் சிரிச்சா. சிரிப்புதான் கடைசியில் இருந்தது. அவர் அதைத் திருப்பிப் போட்டுவிட்டார். சிரிச்சா, ஆனாலும் முறிஞ்சுபோச்சு. அதே இரண்டு சங்கதிதான். முன்னே இருந்தது பின்னே போனது, அவ்வளவுதான். அதற்கே என் பிள்ளை சாக வேண்டுமென்று போனவளாகிவிட்டாள்.

யார் செய்தது? உன் மேல் உயிரை வைத்திருந்த மனுஷன். நல்லதை முதலில் எழுத வேண்டும் என்று நினைத்தே செய்தார். நான் யாரைத் திட்டுவேன்?

16 அக்டோபர்

பூசைக்குப் போகவில்லை.

17 அக்டோபர், திங்கள்

இன்றைக்கு நடந்ததை எழுதினால்தான் எனக்கே நம்பிக்கை வரும்.

ஷ்யாமளாவைக் கூட்டிக்கொண்டு சாரிடம் போனேன். கோபமாகப் பேசக்கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். காகிதத்தை மேஜையில் வைத்தேன். "சார், நான் சொன்னதுல எது கடைசியில இருந்துச்சு, நீங்க எழுதினதுல எது கடைசியில இருக்கு, பாருங்க."

அவர் படித்தார். திரும்பப் படித்தார். உட்கார்ந்துவிட்டார்.

"நான் பொய் எழுதலையேம்மா" என்றார் முதலில்.

"எழுதல சார்."

"எந்த லெட்டர் எழுதினாலும் எனக்குக் கை இப்படித்தான் போகும். நல்லது முதல்ல, விஷயம் அப்புறம். பேங்குக்கு எழுதினாலும் இதேதான், கொழந்தை செத்ததுக்கு எழுதினாலும்…" மெஷின் மேலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மடித்தார்.

பிறகு புதுக் காகிதம் எடுத்தார். "மாத்தி எழுதறேன். ‘ஆல்தோ’ன்னு ஆரம்பிச்சு கல்யாணம் முறிஞ்சதை முன்னாடி தள்ளிட்டு, சிரிச்ச முகத்தைப் பின்னாடி கொண்டுவந்துடலாம்" என்று மெஷினில் மாட்டினார்.

அப்போது ஷ்யாமளா, "சார், அப்படி எழுதாதீங்கோ. அதுவும் தப்பு" என்றாள்.

இரண்டு பேரும் அவளைப் பார்த்தோம்.

"கல்யாணம் முறியலைம்மா. அவதான் முறிச்சா."

எனக்குக் காதில் விழுந்தது. விளங்கவில்லை. என்னட்டி சொல்லுத என்று நம் பேச்சிலேயே கேட்டேன்.

அவள் அழுதுகொண்டே சொன்னாள். நீ போன அன்றைக்கு ஃபோர்ட் பக்கம் அவள் சித்தப்பா ஆபீஸில் உங்கள் இரண்டு பேருக்கும் டைப்பிங் டெஸ்டாம். பத்து மணிக்காம். அவள் மாட்டுங்கா ஸ்டேஷனில் லேடீஸ் பெட்டி வந்து நிற்கிற இடத்தில் உனக்காக நின்றுகொண்டிருந்தாளாம். நீ லேட்டாம். அதற்குத்தான் நீலச் சேலை. அதற்குத்தான் ஓட்டம்.

தனசீலன் வீட்டார் கல்யாணத்துக்கப்புறம் வேலைக்குப் போகக்கூடாது என்றார்களாம். நீ போவேன் என்றாயாம். அவன் அம்மாவிடம் நீயே நேரில் போய்ச் சொல்லிவிட்டாயாம். மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவர்கள்தான், பொண்ணு எங்களுக்கு வேண்டாம் என்று வெளியே சொல்லிக்கொண்டார்களாம்.

"என்கிட்ட சத்தியம் வாங்கிண்டா. வேலை கிடைச்சதும் நானே வீட்ல சொல்றேன்னா. அவ போனப்புறம் சொல்லலாம்னு வந்தேம்மா, பாதி வழியில திரும்பிட்டேன். பொண்ணே வேண்டாம்னு சொன்னாள்னு தெரிஞ்சா உங்க பக்கத்துல எல்லாரும் இன்னும் மோசமா பேசுவாளோன்னு பயம்."

சார் மெஷினிலிருந்து காகிதத்தை உருவினார். பழைய கடிதத்தைப் பக்கத்தில் இழுத்து வைத்தார். மெதுவாகச் சொன்னார்: "ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிற ரெண்டு விஷயத்துக்கு நடுவுலதான் ஹவ்எவர் போடணும். கல்யாணம் போச்சு, ஆனாலும் சிரிச்சாள்னு நாமளா முட்ட விட்டிருக்கோம். அது ரெண்டும் முட்டிக்கவே இல்லையே. கல்யாணம் போனதுனாலதானே சிரிச்சிருக்கா."

சார் மட்டுமா? ‘முறிஞ்சுபோனாலும்’ என்று சொன்னது யார்? நான்தானே. பெத்தவ நான். நீ சிரித்ததைப் பார்த்து, பாவம், மனசுக்குள்ளே வைத்துக்கொண்டு சிரிக்கிறாள் என்றுதானே நினைத்தேன். நீ நிஜமாகவே சிரித்தாயாட்டி? நெசமாவேவா?

18 அக்டோபர்

உங்கப்பாவிடம் சொன்னேன். சாப்பிட்ட கையோடு உட்கார்ந்திருந்தார். கை காய்ந்துபோனது.

"அவன் என் பொண்ண வேண்டாம்னான்னே இருக்கட்டும். அவ வேண்டாம்னான்னு நீ எழுதிக் குடுக்காத."

"பேரைத்தானே வாசிக்கப் போறாவ. இதையா வாசிக்கப் போறாவ?"

"சாமியாருக்குத் தெரிஞ்சா மணியடிக்கிற கோயில்பிள்ளைக்குத் தெரியும். கோயில்பிள்ளைக்குத் தெரிஞ்சா தாராவிக்கே தெரியும். பொறவு நான் ஷெட்டுக்குப் போக வேண்டாமா? நிச்சயத்துக்கு வெத்தல மாத்தினது நான். எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னாளா அவ?"

என்னிடம் மட்டும் சொன்னாயா சிட்டு?

20 அக்டோபர், வியாழன்

வடாலாவுக்குப் போனேன். நேற்று சாமியாரிடம் எல்லாம் சொன்னேன். ஷ்யாமளா சொன்னது போதாது, பையன் வீட்டாரும் சொன்னால்தான் மறுபடி எழுதிக் கேட்க முடியும் என்று சாமியார் சொல்லிவிட்டார். பேராச்சி துணைக்கு வந்தாள். "யக்கா, நீ பேசாத, நீ அழுதுருவ. நான் பேசுதேன்" என்றாள். அவர்கள் இருக்கிற ஒற்றை ரூம் கோலி வாசலில் போய் நின்றதும் அவளுக்கும் வாய் வரவில்லை.

சவேரியம்மா, தனசீலனுடைய அம்மா, அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நான் கேட்டேன். முறத்தை வைத்துவிட்டாள்.

"ஆமா, சொன்னா. பூச முடிஞ்சு வெளிய வந்து, தலைல முக்காடுகூட எடுக்கல, எம் மூஞ்சிக்கு நேரா சொன்னா. கல்யாணத்துக்குப் பொறவும் டைப் அடிக்கப் போவேன், சம்மதம்னா தாலி கட்டட்டும், இல்லன்னா வேண்டாம் அத்தைன்னா. அத்தைன்னு வேற கூப்பிட்டா!"

சிட்டு, உன் குரல் அப்படியே கேட்டது. அந்த அத்தை. நீதான். நீ சொல்லியிருக்கிறாய். ஷ்யாமளா சொன்னபோதுகூட எனக்கு ஒரு ஓரத்தில் நம்பிக்கை இல்லை. இப்போது நம்பினேன்.

"இத சாமியார்ட்ட வந்து ஒரு வார்த்த சொல்லுங்க மதினி" என்றேன்.

"செத்தவளுக்கு நல்ல பேரு வேணும்னு, உசிரோட இருக்கிற எம் மவன் பேரக் கெடுக்கச் சொல்லுதியளா? ஒரு பொட்டப்பிள்ள வேண்டாம்னு தள்ளின பயல்னு நாளைக்கு எவ பொண்ணு குடுப்பா?"

பேராச்சிக்கு அப்போதுதான் வாய் திறந்தது. "உன் மவன் பேரு அவ்வளவு நோஞ்சானா? ஒரு வார்த்தைக்கே செத்துப்போகுமாக்கும்?"

சவேரியம்மா கதவைச் சாத்திவிட்டாள். அவள் சொன்னதும் நியாயம்தான். நானாக இருந்தாலும் சாத்தியிருப்பேன்.

23 அக்டோபர், ஞாயிறு

பொழுது சாய்கிற நேரத்தில் தனசீலன் வந்தான்.

வாசலில் நின்றான். தலையில் எண்ணெய் வைத்து வாரியிருந்தான். விரல் நகமெல்லாம் லேத்துப் பட்டறைக் கறுப்பு. உங்கப்பா அவனைப் பார்த்ததும் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"அத்தை, நான் சாமியார்ட்ட சொல்லிட்டேன். நேரா இப்ப அங்க இருந்துதான் வாரேன்" என்றான்.

நான் கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தேன்.

"அவதான் வேண்டாம்னான்னு சொன்னேன். எழுதிக்கிட்டாரு. கையெழுத்தும் போட்டுட்டேன். அம்மாவுக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் பரவால்ல." கொஞ்சம் நின்றான். "எனக்கு வருத்தம்தான் அத்தை. அவ பேர்ல கோவமும் உண்டு. ஆனா அவ சாகப் போகல. அவளுக்கு அவசரம். எப்பவும் அவசரம்."

கிளம்பத் திரும்பினான். உங்கப்பா திரும்பிப் பார்க்காமலேயே, "சாயா குடிக்கியா?" என்று கேட்டார். கேட்டது அவர்தானா என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது. அவன் உட்கார்ந்தான். நான் சாயா போட்டேன். மூன்று பேரும் உட்கார்ந்து குடித்தோம்.

25 அக்டோபர், செவ்வாய்

புதுக் கடிதம் அடித்தாயிற்று. உங்கப்பாவும் வந்தார். ஷெட்டுக்கு லீவு சொல்லிவிட்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். இன்ஸ்டிட்யூட் வாசலோடு நின்றுகொண்டார், உள்ளே வரவில்லை.

சார் இந்தத் தடவை ஒவ்வொரு வரி அடித்ததும் நிறுத்தித் தமிழில் சொன்னார். "‘பட்’டுனு போட்டா சட்டுனு திரும்பிடும்மா, சைக்கிள் மாதிரி. ஹவ்எவர்னா நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துண்டு, தொண்டையைக் கனைச்சுண்டு திரும்பும். ஆல்தோ வந்தாலே இன்னொண்ணு பின்னாடி வரதுன்னு படிக்கிறவன் காத்துண்டிருப்பான். இத்தனையும் கிளாஸ்ல சொல்லிக் கொடுத்திருக்கேன். இன்னிக்கு ஒண்ணுமே வேண்டாம். நடந்தது நடந்தபடி."

நடந்தபடியே அடித்தார். இவள் வேலைக்குப் போக விரும்பினாள். அதனால் ஒரு கல்யாணத்தை மறுத்தாள். பத்தொன்பதாம் தேதி பத்து மணிக்கு இவளுக்கு ஒரு பரீட்சை இருந்தது. மழை பெய்தது. நேரமாகிவிட்டது. ஓடினாள்.

அலங்காரமாக வாசித்த முதல் கடிதத்தில் நீ இல்லை. இதில் இருந்தாய். ஓடிக்கொண்டிருந்தாய்.

"சின்னப் பசங்க எழுதற இங்கிலீஷ் மாதிரி இருக்கு" என்று சார் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மாற்றவில்லை.

அப்போது வாசலிலிருந்து உங்கப்பா, "பெத்தவங்க சம்மதத்தோட மறுத்தாள்னு போடுங்க சார்" என்றார்.

சார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "அது பொய்ல்லா" என்றேன். "நமக்குத் தெரியவே தெரியாதே. எப்ப சம்மதம் குடுத்தோம்?"

"இப்ப குடுக்கேன்."

தெருவில் ஒரு பஸ் போனது. சார் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். "அவள் பெற்றோர் சம்மதிக்கிறார்கள்னு போடறேன். சம்மதித்தார்கள்னு இல்லை. சம்மதிக்கிறார்கள். அது பொய் இல்லையே?"

உங்கப்பா தலையசைத்தார். அந்த வரிதான் கடைசி வரி.

30 அக்டோபர், ஞாயிறு

பதில் இல்லை. பூசை முடிந்ததும் சாமியாரைப் பார்த்தேன். கையை விரித்தார்.

1 நவம்பர், செவ்வாய்

பேராச்சி மெழுகுதிரி வாங்கி வந்து வைத்துவிட்டுப் போனாள். அவள் நம் கோயிலுக்கு வரமாட்டாள். "வாசிச்சா ஏத்து, வாசிக்காட்டா வீட்டுல வச்சு ஏத்து. தீ எல்லாம் ஒண்ணுதான் யக்கா" என்றாள். சாமியாரிடமிருந்து ஒரு சேதியும் இல்லை.

2 நவம்பர் 1966, புதன்

கோயில் நிறைந்துவிட்டது. ஆண்கள் பக்கம் பெண்கள் பக்கம் என்று பிரியாமல் நாங்கள் இரண்டு பேரும் பின்னால் சேர்ந்து உட்கார்ந்தோம். வாசிக்காவிட்டால் சத்தமில்லாமல் எழுந்து போய்விடலாம் என்று உங்கப்பா சொல்லியிருந்தார்.

பேர்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டம் எழுந்தது, உட்கார்ந்தது. என் கை மெழுகுதிரியை அழுத்தி அழுத்தி அது வளைந்துவிட்டது. சாமியார் கொஞ்சம் நிறுத்தினார். முடிந்துவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். காகிதத்தைத் திருப்பினார்.

அன்னமேரி மரியஅந்தோணி. உன் ஞானஸ்நானப் பேர்.

எனக்கு எழுந்திருக்க வரவில்லை சிட்டு. உங்கப்பாதான் முதலில் எழுந்தார். என் தோளைப் பிடித்துத் தூக்கினார். நின்றோம். குழாயடியில் பேசினவளெல்லாம் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

பெண்கள் பக்கத்தில் ஏதோ சலசலப்பு. பார்த்தால், ஆண்கள் வரிசையில் தனசீலன் எழுந்து நிற்கிறான். அவன் நம் வீட்டுக்காரன் இல்லை, நிற்க வேண்டிய முறையே இல்லை. சவேரியம்மா பெண்கள் பக்கம் இருந்து, உட்காருலே, உட்காரு என்று கையைக் காட்டுகிறாள். அவன் முன்னே பார்த்துக்கொண்டு நின்றான். நாங்கள் உட்கார்ந்த பிறகுதான் உட்கார்ந்தான்.

சாயங்காலம் சுவரோரம் வந்தோம். திரி ஏற்றினோம். சாமியார் மற்ற கல்லறைகளுக்கெல்லாம் தண்ணீர் தெளித்துவிட்டு இங்கேயும் வந்து தெளித்தார். உங்கப்பா புல்லைப் பிடுங்கினார். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். இன்னும் திகைப்பு போகவில்லை. முன்னே நீ செத்தது திகைப்பு. இப்போது நீ வாழ்ந்தது.

ஒன்றுதான் கேட்க வேண்டும். சவேரியம்மாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து மத்தி மீன் கழுவிக் கொடுத்தாய். "அம்மா" என்று ஒரு தடவை கூப்பிட்டாய். என்னட்டி என்றேன். ஒண்ணுமில்லை என்றாய். அப்ப அதைச் சொல்லத்தான் வாயெடுத்தியா சிட்டு?